பேரைப் போட்டுக்கலாமா?

கோம்பை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நாய்தான் ஞாபகத்துக்கு வரும். எங்களுக்கு ஞாபகத்தில் வருவது கமிட்டிகள். கோயில் திருவிழாவுக்கு ஒன்று, ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒன்று, அன்னதானத்துக்குத் தனியாக ஒன்று. தெருவுக்குள் நாலு பேர் சேர்ந்து நின்றால் அதில் ஒருவர் பொருளாளராக இருப்பார்.

இந்தக் கமிட்டிகளில் இடம்பிடிப்பவர்களைப் பற்றி எங்கள் ஊரில் "தேர்ந்தெடுத்தார்கள்" என்று யாரும் சொல்வதில்லை. "பேரைப் போட்டாக" என்றுதான் சொல்வோம். யார் போட்டது, எப்போது போட்டது என்று யாரும் கேட்பதில்லை. திருவிழாக் கமிட்டியில் அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக் குழுவிலும் அதே பழக்கம் நுழைந்துவிட்டதைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன்.

பள்ளிக்கூடக் காரியங்களுக்கு ஊர்க்காரர்களைச் சேர்ப்பது புதிய சமாசாரம் இல்லை. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாராகும். கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், மதிய உணவுக்குப் பாத்திரம் என்று ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொள்வார்கள். அரசாங்கத்தின் கையில் பணம் இல்லாத காலத்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் அப்படித்தான் நிமிர்ந்தன. அந்தக் குழுக்களில் யார் இருந்தார்கள் என்றால், கொடுத்தவர்கள் இருந்தார்கள். நிலமோ கடையோ உள்ளவர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்தவர் பெயர் பெஞ்சில் இருந்தது, பிள்ளைகள் அதில் உட்கார்ந்தார்கள்.

பிறகு பெற்றோர் ஆசிரியர் கழகம் வந்தது. எனக்குத் தெரிந்த பள்ளிகளில் அதன் தலைவர் பெரும்பாலும் ஊரில் சொல்வாக்கு உள்ளவராக இருப்பார். அதிகாரியைப் பார்க்கப் போனால் உட்காரச் சொல்வார்கள் என்பது அவருடைய தகுதி. அவருடைய சொந்தப் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பல ஊர்களில் அவர் வீட்டுப் பிள்ளை வேனில் ஏறி வேறு பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இதை மாற்றியது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்றும், அதில் நான்கில் மூன்று பங்கு அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராக இருக்க வேண்டும் என்றும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும், ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவரவர் விகிதப்படி இடம் வேண்டும் என்றும் அது சொல்கிறது. கொடுப்பவர், செல்வாக்குள்ளவர் என்ற இரண்டு தகுதிகளையும் பின்னுக்குத் தள்ளி, பள்ளியைப் பயன்படுத்துகிறவர் என்ற தகுதியை முன்னால் வைத்தது.

அந்தக் குழுவுக்கு என்ன வேலை என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்று ஒன்று வருகிறது. 100 பிள்ளைகளுக்கு மேல் 250 வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். 1,000 பேருக்கு மேல் இருந்தால் ஒரு லட்சம். அதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குப் போக வேண்டும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடிப்பதா, கழிப்பறைக் குழாயை மாற்றுவதா என்று தீர்மானிக்கப் போதுமான தொகை.

2022இல் தமிழ்நாட்டில் இந்தக் குழுக்களை 20 உறுப்பினர்களுடன் புதிதாக அமைத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் 13,331 ஆசிரியர் காலியிடங்களை இந்தக் குழுக்கள் மூலம் தற்காலிகமாக நிரப்பலாம் என்று அறிவிப்பு வந்தது. மாதம் 7,500 முதல் 12,000 ரூபாய் வரை தொகுப்பூதியம். தகுதித் தேர்வில் தேறிவிட்டுக் காத்திருந்தவர்கள் எதிர்த்தார்கள், விஷயம் நீதிமன்றம் வரை போனது. அந்த ஏற்பாடு சரியா தவறா என்பது வேறு விவாதம். குழு என்பது கையெழுத்துக்கு மட்டும் இல்லை, யார் வந்து பாடம் நடத்துவார் என்பது வரைக்கும் அதன் கை நீளக்கூடும் என்று அன்றைக்குப் பலருக்கும் புரிந்தது.

இந்த இடத்தில் அமெரிக்காவைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு மகன் வீட்டுக்குக் கலிபோர்னியா போயிருந்தேன். அங்கே பள்ளிக்கூடம் கட்டப் பணம் வேண்டுமென்றால், அந்தப் பகுதியின் பள்ளி நிர்வாகம் மக்களிடம் வாக்குக் கேட்டு, கடன் பத்திரம் வெளியிடுகிறது. வீட்டுக்காரர்கள் கட்டும் சொத்து வரியிலிருந்து அந்தக் கடன் அடைபடுகிறது. முன்பு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. 2000 நவம்பரில் மக்கள் வாக்களித்து அதை 55 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்ததற்கு ஈடாக ஒரு நிபந்தனை வந்தது. அந்த வழியில் கடன் வாங்கும் நிர்வாகம் குடிமக்கள் கண்காணிப்புக் குழு ஒன்றை அமைக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர். வியாபாரிகள் தரப்பில் ஒருவர், மூத்த குடிமக்கள் அமைப்பில் ஒருவர், வரி செலுத்துவோர் சங்கத்தில் ஒருவர், அங்கே படிக்கும் பிள்ளையின் பெற்றோர் ஒருவர், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் ஈடுபட்டிருக்கும் பெற்றோர் இன்னொருவர் என்று வகை வகையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நிர்வாகத்தின் ஊழியர், அதற்குப் பொருள் விற்பவர், ஒப்பந்தக்காரர், ஆலோசகர் யாரும் உறுப்பினராக முடியாது. சம்பளமும் கிடையாது.

எவ்வளவு சுத்தமான ஏற்பாடு என்று முதலில் வியந்தேன். அப்புறம் ஒரு கேள்வி வந்தது. விண்ணப்பித்தவர்களில் இந்த ஏழு பேரை நியமிப்பது யார்? அதே பள்ளி நிர்வாகம். யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரே கண்காணிப்பவரைப் பொறுக்குகிறார். சட்டம் வகையைச் சொல்லிவிட்டது. அந்த வகைக்குள் எந்த ஆள் என்பதை எழுதுகிற பேனா நிர்வாகத்தின் சட்டைப் பையில் இருக்கிறது. அங்கேயும் "பேரைப் போட்டாக" தான்.

இந்த நினைப்போடு ஊர் திரும்பியவனுக்கு 2024இல் சரியான வேலை வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் குழுக்களை மறுபடி அமைத்தார்கள். உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றிலிருந்து போன் வந்தது. எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள்.

"சார், முன்னாள் மாணவர்ங்கிற முறையில உங்க பேரைப் போட்டுக்கலாமா?" என்றார் தலைமை ஆசிரியை.

போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். மற்றவர்கள் யார் என்று கேட்டேன். "பெற்றோர் பேரெல்லாம் ஏறக்குறைய ரெடி சார். எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களா, கூப்பிட்டா வர்றவங்களா பார்த்து வச்சிருக்கோம். சனிக்கிழமை கூட்டம், அன்னைக்கு ஓட்டெடுத்துருவோம்" என்றார். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத பெண்மணி. மாதாமாதம் ஆள் சேராவிட்டால் மேலிடத்துக்குப் பதில் சொல்வது அவர்தான்.

சனிக்கிழமை என்றதும்தான் எனக்கு உறைத்தது. 2022 மார்ச் 20ஆம் தேதி மாநிலம் முழுக்கப் பெற்றோரை அழைத்து விளக்கக் கூட்டம் நடத்தினார்கள். அது ஞாயிற்றுக்கிழமை. தேர்வுக் கூட்டங்கள் வைத்ததோ சனிக்கிழமையில். ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டும் விடுமுறைதான். மலைக்குப் போகிறவர்களுக்கு அப்படி இல்லை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊருக்கு மேற்கே தலைக்கு மேலே நிற்பது மலை. அதன் உச்சியில் ராமக்கல்மேடு, அது கேரளா. இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் பல ஊர்களிலிருந்தும் பெண்கள் ஜீப்பில் வேலைக்குப் போகிறார்கள். விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பலருடைய அம்மா அந்த ஜீப்பில் இருக்கிறார். சட்டம் யாரை மனதில் வைத்து "பெற்றோர்", "பெண்கள்", "நலிந்த பிரிவினர்" என்று எழுதியதோ, அவர் கூட்டம் நடக்கும் நேரத்தில் மலையில் ஏலக்காய் பறித்துக்கொண்டிருக்கிறார்.

"எழுதப் படிக்கத் தெரிந்தவர்" என்ற நிபந்தனை சட்டத்தில் எங்கும் இல்லை. எனக்கு அதில் தனிக் கோபமே உண்டு. முப்பத்து நாலு வருடம் தபால் துறையில் இருந்தவன் நான். எத்தனையோ தோட்டத்துப் பெண்களுக்கு ஆர்.டி. புத்தகம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கைநாட்டு வைப்பார்கள். ஆனால் எத்தனை மாதம் கட்டியாயிற்று, எந்த மாதம் தவறியது, முடிவில் எவ்வளவு வரும் என்று விரல்விட்டுச் சொல்வார்கள். ஒரு ரூபாய் குறைந்தாலும் ஜன்னலை விட்டு நகர மாட்டார்கள். மானியக் கணக்கைப் பார்க்க இதைவிட என்ன தகுதி வேண்டும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜீப்பு வந்து நிற்கும் இடத்துக்குப் போனேன். தெரிந்த முகங்கள்தான். நாளைக்குக் கூட்டம், வந்தால் ஓட்டுப் போடலாம், நிற்கவும் செய்யலாம் என்றேன்.

"நாளைக்கு வந்தா நாளான்னைக்குக் கஞ்சிக்கு யாரு தருவா, போஸ்டாபீஸ் சார்?" என்றார் ஒருவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் ஒருவர் மட்டும் வந்தார். ஏழாம் வகுப்பில் மகள் படிக்கிறாள். கூட்டத்தில் அவர் பெயரை நான் முன்மொழிந்ததும் பின்னால் சலசலப்பு. "அந்தம்மா தெனம் மலைக்குப் போறவுக, மீட்டிங்குக்கு எப்படி வருவாக?" என்றார் ஒருவர். "பாவம், அவுகளை எதுக்கு இழுத்துவிடுறீக?" என்றார் இன்னொருவர். ஒதுக்குவதற்கு இரக்கத்தைப் போல வசதியான சாக்கு இல்லை. தலைமை ஆசிரியைதான் எழுந்து, "ஓட்டுக்கு விட்டுருவோம்" என்றார். கை தூக்கச் சொன்னார்கள். அவர் தேர்வானார்.

அடுத்த கூட்டத்தில் நுழைவாயிலுக்குப் பெயின்ட் அடிப்பது பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா கேட்டார்: "எம் மக காலையில சொம்புத் தண்ணி குடிச்சுட்டுப் போறவ, சாயந்தரம் வீட்டுக்கு வந்துதான் அடுத்த தண்ணி குடிக்கிறா. ஏன்னு கேட்டா, கக்கூஸ்ல மத்தியானத்துக்கு மேல தண்ணி வராதுங்கிறா. இதுக்கு என்ன செய்யப் போறீக?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த அறையில் படித்தவர்கள் இருந்தோம், ஓய்வு பெற்றவர்கள் இருந்தோம். பட்டம் வாங்கிய பெற்றோரும் இருந்தார்கள். இது எங்களில் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. மேல்தொட்டி காலையில் ஒரு தடவைதான் நிரம்புகிறது, மோட்டாருக்குச் சுவிட்சு போட மத்தியானம் ஆள் இல்லை என்று விசாரித்ததில் தெரிந்தது. பெயின்ட் தள்ளிப்போனது. தானாக நிற்கும் சுவிட்சும் இரண்டு குழாய்களும் தீர்மானத்தில் ஏறின. செலவு சில ஆயிரம்தான்.

அதன் பிறகு அவர் எல்லாக் கூட்டத்துக்கும் வரவில்லை. வர முடியாது. வருகிற ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. எங்களைப் போன்ற பென்ஷன்காரர்களுக்குக் கூட்டத்தில் ஒரு டீ கிடைக்கிறது, நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒரே நாற்காலிக்கு அவர் கொடுக்கிற விலை வேறு, நான் கொடுக்கிற விலை வேறு. கொஞ்ச நாளில் அவர் நின்றுவிட்டால், "பார்த்தீகளா, அப்பவே சொன்னோம்ல" என்பார்கள்.

அதனால் மூன்று காரியங்களை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையோ, ஜீப்பு இறங்கிய பிறகோ வைக்க மேலிடம் அனுமதிக்க வேண்டும். தேர்வு அறிவிப்பை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் மட்டும் போதாது, ஜீப்பு நிற்கும் இடத்திலும் ரேஷன் கடையிலும் சொல்ல வேண்டும். பெயர்களை முன்கூட்டி எழுதிக்கொண்டு வராமல், கூட்டத்தில் நின்று யார் விருப்பம் என்று கேட்டு எழுத வேண்டும். மூன்றுக்கும் காசு செலவில்லை. தலைமை ஆசிரியை ஒரு கூட்டத்தைச் சாயங்காலம் ஆறரைக்கு வைத்துப் பார்த்தார். அன்றைக்கு ஜீப்பிலிருந்து நேராக நாலு பேர் வந்தார்கள், தூக்குச்சட்டியோடு.

ஒரு குழுவின் காலம் இரண்டு ஆண்டு. முடிந்ததும் மறுபடி பெயர் எழுதுவார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் எழுதுவார்கள். அப்போது யார் யார் நிற்கிறார்கள் என்று கேட்பதற்கு முன்னால், கூட்டம் என்ன கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பாருங்கள். பாதித் தேர்தல் அதிலேயே முடிந்திருக்கும்.