ஆமைக்கு ஒரு வேலி

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது நம் ஊர்ப் பேச்சு. ஆமையையும் அமீனாவையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிட்டார் எவரோ ஒரு பெரியவர்! தூத்துக்குடியில் என் பாட்டி விளக்கு வைத்த பிறகு ஆமை என்ற சொல்லைக்கூட வாயால் உரைக்கமாட்டாள். அவளுடைய பேரன் கடல் கடந்து அந்தமானுக்கு வந்து, அந்த ஆமைக்கென்றே ஓர் இருப்பிடம் அமைத்தான் என்று கேட்டால் என்ன சொல்லுவாளோ!

நண்பர்களே, இருப்பிடம் என்றது சற்று மிகைதான். மூங்கில் நட்டுக் கம்பிவலை கட்டிய ஒரு வேலி, அவ்வளவே. முதுகலை ஆய்வின் பொருட்டு நான் தங்கியிருந்தது வட அந்தமானில், திக்லிப்பூரை அடுத்த காளிப்பூர். இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரிலிருந்து பேருந்தில் ஒரு பகல் முழுதும் செல்லவேண்டும். 732 மீட்டர் உயரமுள்ள சாடில் சிகரம் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என்னும் நால்வகைக் கடலாமைகளும் முட்டையிட வரும் கரை அது. வனத்துறையின் பொரிப்பிடமும் அங்கே உண்டு.

வள்ளுவர் ஐம்புலன் அடக்கத்துக்கு ஆமையை உவமை காட்டினார். அது நிலத்திலும் குளத்திலும் வாழும் ஆமை. கடலாமைக்குத் தலையையும் துடுப்புகளையும் ஓட்டினுள் இழுத்துக்கொள்ள இயலாது. நீந்துவதற்காக அவ்வசதியை இழந்துவிட்ட பிராணி அது. ஆகவே, கரைக்கு வந்துவிட்டால் தாயும் திக்கற்றவள். அவள் இட்டுச் செல்லும் முட்டைகளோ இன்னும் திக்கற்றவை. அகநானூற்றின் 160-ஆம் பாட்டில், சூல்கொண்ட ஆமை மணலில் முட்டைகளைப் புதைத்துச் செல்ல, குஞ்சு வெளிவரும் வரையில் ஆண் ஆமை அவற்றைக் காக்கிறது என்று குமுழி ஞாழலார் நப்பசலையார் பாடுகிறார். முட்டையைப் புதைப்பது உண்மை. அதன் வடிவமும் புலால் நாற்றமும் நேரிற் கண்டவர் சொல்வது போலவே இருக்கின்றன. ஆனால் ஆண் கடலாமை முட்டையிருக்கும் கரைக்கு வருவதே இல்லை. காவலுக்கு ஆளில்லை. பாட்டில் வரும் அந்தக் கணவனின் வேலையைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் விடியலில், கரையின் வடகோடியில் ஒரு கூடு தோண்டப்பட்டுக் கிடந்தது. வெள்ளை ஓடுகள் கிழிந்து சுருண்டு, மஞ்சட்கரு மணலில் உறைந்திருந்தது. சுற்றிலும் நாய்க் காலடிகள். குடியேற்றங்களோடு வந்து சேர்ந்த நாய்கள்தாம் இத்தீவுகளில் ஆமை முட்டைக்குப் பெரும் பகை. உடும்பும் காட்டுப் பன்றியும் நண்டும் அவற்றிற்கு அடுத்தவை. அன்று எண்ணிப் பார்த்தேன். முழு முட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அந்த ஆண்டு வேலியைப் புதுமணலுக்கு மாற்றவேண்டியிருந்தது. ஒரே மணலில் ஆண்டுதோறும் முட்டை புதைத்தால் அழுகியவற்றின் பூஞ்சையும் புழுவும் அடுத்த கூட்டைப் பற்றும். உச்ச அலை தொடும் கோட்டிற்கு மேலே இடம் பார்த்தோம். நாய் தோண்டி நுழையாதபடி கம்பிவலையின் அடியை ஒன்றரை அடி ஆழம் புதைத்தோம். நண்டுக்குச் சிறுகண் வலை வேறு. உள்ளே முழங்கை மட்டம் ஆழத்தில், வாய் குறுகி வயிறு அகன்ற பானை போலக் குழிகள். தாயின் பின்துடுப்புத் தோண்டும் குழியும் அவ்வடிவமே. அதை நம் கையால் தோண்டும்போதுதான் கண்ணால் பாராமலே அவள் தோண்டும் திறம் புரிகிறது! மேலே தென்னங்கீற்று நிழல். நிழல் எதற்கென்று வியக்காதீர்கள். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடே முடிவு செய்கிறது. ஏறக்குறைய 29 பாகைக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் ஆண், 31-க்கு மேலே போனால் பெரும்பாலும் பெண். வெயிலில் திறந்து விட்டால் எல்லாம் பெண்ணாகிவிடும், இன்னும் சுட்டால் ஒன்றுமே மிஞ்சாது.

முட்டைகளை இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்றிவிடவேண்டும், புரட்டவும் கூடாது. பிந்தினால் உள்ளிருக்கும் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அசைத்தால் அறுந்து மாண்டுபோகும். ஆதலால் எல்லாம் இரவு வேலை. உப்புநீர் முதலைகள் உலவும் ஓடைகள் அருகில் இருப்பதால், கழிமுகத்தைச் சுற்றிக்கொண்டே நடப்போம். மணல் ஈயின் கடியைப் பற்றி எழுத எனக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

இந்த நடை புதியதன்று. எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் சிலர் இரவில் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடினர். 1988 முதல் மாணவர்களே கூடி ஓர் அமைப்பாக அதைச் செய்து வருகின்றனர். அந்த முதல் நடையினரில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவர், படிப்பை விட்டுக் கடலாமையின் பின்னே போய்விட்டார். 1978-இலிருந்து இத்தீவுகளின் கரைகளைக் கால்நடையாகவே அளந்து, எந்தக் கரையில் எந்த ஆமை ஏறுகிறது என்று முதலில் எழுதி வைத்தவர் அவரே. 2023-இல் மறைந்தார். நம் தேர்வுக்கு அவர் பெயர் வருவதில்லை.

காளிப்பூரில் நான் உண்டது ஒரு திருநெல்வேலி அண்ணாச்சியின் தேநீர்க் கடையில். முப்பது ஆண்டுக்கு முன் கப்பலேறி வந்தவர். அவருடைய மகளுக்கு எட்டு வயது. பள்ளிவிட்டதும் வேலியோரம் வந்து நின்று கொள்வாள். ஒரு நாள் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கி வந்தாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு மட்டும் குடுங்க. நான் வளக்கேன்."

அண்ணாச்சியும் அவள் பக்கமே பேசினார். "தம்பி, இத்தனூண்டு குஞ்ச இப்பமே கடல்ல விட்டா மீனு தின்னுட்டுப் போயிராதா? ரெண்டு மாசம் வளத்து விடலாம்லா?"

சட்டத்தைச் சொல்லி வாயடைத்திருக்கலாம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி கடலாமையையோ நம் நாட்டு நட்சத்திர ஆமையையோ வீட்டில் வைப்பது குற்றம். ஆனால் அவர் கேட்டது சட்டமன்று, நியாயமான கேள்வி. அறிஞர்களும் அதையே கேட்டவர்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டனில் 1978 முதல் பல ஆண்டுகள், கெம்ப் ரிட்லி என்னும் அரிய ஆமையின் குஞ்சுகளை ஓராண்டுக் காலம் வளர்த்துக் கடலில் விட்டார்கள். ஒன்றையொன்று கடித்துக் குதறுவதால் ஒவ்வொன்றையும் தனி வாளியில் வைக்க நேர்ந்தது. இவ்வளவு பாடுபட்டும், அதனால் இனம் பெருகிற்று என்று நிறுவ முடியாமல் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டார்கள்.

அண்ணாச்சிக்கு இதை வேறு விதமாகச் சொன்னேன். குஞ்சு வெளிவரும்போது அதன் வயிற்றில் மஞ்சட்கருவின் மிச்சம் இருக்கிறது. அது ஊரிலிருந்து கிளம்பும்போது கட்டிக்கொண்ட கட்டுச்சோறு. அதை நம்பித்தான் ஒரு பகலும் இரவும் ஓயாமல் நீந்தி, மீன் மிகுந்த கரையோரத்தைக் கடந்துவிடுகிறது. தொட்டியில் விட்டால் அந்த நீச்சலைத் தொட்டிச் சுவரில் முட்டியே தீர்த்துவிடும். பிறகு கடலில் விட்டால் கட்டுச்சோறும் இல்லை, வேகமும் இல்லை. வேலி முட்டைக்குத்தான், குஞ்சுக்கு அன்று.

"கட்டுச்சோறு" என்றதும் அண்ணாச்சி தலையசைத்தார். சிறுமி அசையவில்லை.

ஐம்பத்திரண்டாம் நாள் இரவு ஏழாம் எண் குழியில் மணல் தாழ்ந்தது. கவிழ்த்திருந்த பிரம்புக் கூடைக்குள் சலசலப்பு. கடையின் விளக்கை அண்ணாச்சியே அணைத்தார். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிச் செல்பவை, விளக்கு எரிந்தால் கடலை விட்டுக் கடைக்கு வந்துவிடும். எண்ணும் பொறுப்பைச் சிறுமியிடம் விட்டேன். 112 முட்டையில் 94 குஞ்சு. அலைக்குச் சற்று மேலே விட்டோம். அவை தாமே நடந்து சென்றன. ஒன்று மட்டும் பின்தங்கிப் பாதியில் படுத்துவிட்டது.

"இதையாவது குடுங்கண்ணே, இது செத்துரும்."

உண்மையைச் சொன்னால், என் கையும் நீண்டது. எடுத்து, ஈர மணலில் தலை கடலைப் பார்க்க வைத்துவிட்டு அவளருகே உட்கார்ந்தேன். இரண்டு அலை வந்து போயிற்று. மூன்றாவது அலை அதைத் தூக்கியது. துடுப்பு அசைந்ததை அவளும் பார்த்தாள். அப்புறம் இருட்டு. அது பிழைத்ததா என்று அவள் மறுநாள் கேட்டாள். தெரியாது என்றேன். அவள் தொட்டியைக் கடைப் பாத்திரம் கழுவ எடுத்துப் போனாள்.

அன்று காலை வேலியின் மேற்குப் புறத்தில் நாய்க் காலடியும் அரையடிப் பள்ளமும் கிடந்தன. ஒன்பதாம் எண் குழிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. காவற்காரரும் நானும் மண்வெட்டியை எடுத்து, அப்பக்கத்து வலையை இன்னும் ஓரடி ஆழமாகப் புதைத்தோம்.