எம்டன் கல்

எங்கள் சனத்நகர் வீட்டில் ‘எம்டன்’ ஒருவன் இருக்கிறான். அவன் என் மகன், வயது ஒன்பது. முறுக்கு டப்பாவை எவ்வளவு உயரத்தில் வைத்தாலும் ஓசையின்றி எடுத்துவிடுவான். “சரியான எம்டன்!” என்பார் என் தாயார். தெலுங்கு பேசும் தோழர்களுக்கு அச்சொல்லின் பொருளைக் கூற இயலாமல் ஒருநாள் அவன் என்னிடம் வந்தான். சென்ற கோடை விடுமுறையில் சென்னைக்குச் சென்றபோது, அதற்கான விடையை நேரிலேயே காட்டினேன்.

உயர் நீதிமன்றத்தின் கீழ்ப்புற மதிலில் சிறிய நினைவுக் கல் ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. அவ்வழியே நாள்தோறும் செல்வோருள் அதனை நின்று நோக்குவோர் சிலரே. எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலின் குண்டு விழுந்ததை அக்கல் நினைவூட்டுகிறது.

எம்டன் 1908-இல் டான்சிக் நகரில் நீரில் இறக்கப்பட்ட கப்பல். பத்துப் பீரங்கிகளும், டார்பிடோ என்னும் நீரடிக் குண்டை ஏவும் குழாய்கள் இரண்டும் அதற்கு உண்டு. சீனக் கரையிலுள்ள சிங்டாவோ துறைமுகத்தில் தங்கியிருந்த அதனை, 1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும் தளபதி கார்ல் வான் முல்லர் இந்து மாக்கடலுக்குச் செலுத்தி வந்தார். மூன்று புகைபோக்கிகளோடு நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றையும் நிறுத்தி, ஆங்கிலக் கப்பல் போலத் தோன்றச் செய்தார். ‘எம்டன்’ என்ற பட்டம் வீணாக வழங்கவில்லை!

1914 செப்டம்பர் 22 இரவு அக்கப்பல் சென்னைக்கு முன் வந்து நின்றது. கலங்கரை விளக்கு அக்காலத்தில் உயர் நீதிமன்றக் கோபுரத்திலேயே எரிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. குறைந்தது ஐவர் மாண்டனர். செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் வந்தார் என்று கூறுவாருண்டு. அவரோ அந்நாளில் ஐரோப்பாவில் இருந்தார்.

அக்டோபர் 28 விடியலில், நம்மவர் பலர் குடியேறியிருந்த பினாங்கிற்குள் எம்டன் நுழைந்து, ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை டார்பிடோவால் பிளந்தது. ரோந்து முடித்துத் திரும்பிய மூஸ்கே என்ற சிறிய பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் பீரங்கியால் மூழ்கடித்தது. ஆயினும் முல்லர் படகுகளை இறக்கி, நீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகள் 36 பேரைக் காப்பாற்றினார். நவம்பர் 9-இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பலிடம் எம்டன் தோற்றுக் கரைதட்டியது. அதன் மாலுமிகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

இவற்றையெல்லாம் மதிலருகே நின்று கூறினேன். மகன், “இறந்துபோன ஐவரின் பெயர் என்ன அப்பா?” என்றான். என்னிடம் விடையில்லை.

வீடு திரும்பியதும் தாயாரிடம் இதனைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தம் பாட்டி அந்நாளில் கைக்குழந்தையுடன் சென்னையை விட்டு ஓடிய கதையை முதன்முறையாகக் கூறினார். புகைவண்டி நிலையத்தில் கால் வைக்க இடமில்லையாம். அடுப்பில் வைத்த சோற்றை அப்படியே விட்டு வந்தாராம். எந்த ஊருக்குச் செல்லும் வண்டி என்றும் கேளாமல் ஏறினாராம்.

புகைவண்டி நிலையத்திலேயே நாளெல்லாம் பணிபுரியும் எனக்கு அக்காட்சி கண்முன் நின்றது. அஞ்சி ஓடியவர்கள், தம்மை அச்சுறுத்திய பெயரையே பேரப்பிள்ளைகளுக்குச் செல்லப் பெயராக வைத்துவிட்டார்கள்! அச்சொல் நம்மோடு சனத்நகர் வரை வந்துவிட்டது. அதன் கதையையும் நம் குழந்தைகளுக்குச் சொல்லி வைப்போம்.

முறுக்கு டப்பா மறுநாளும் காலியாயிற்று.