மாலக் கைவிரித்தால் என்ன செய்வது?

சி மொழியில் பிழைப்பு நடத்துகிறவர் எவரும் லிங்க்டு லிஸ்டைத் தன் கையால் ஒரு முறையாவது எழுதியிருப்பார். மொழியோடு வரும் லைப்ரரியில் லிஸ்ட் கிடையாது, ஹாஷ் டேபிள் கிடையாது, தானாக நீளும் ஸ்ட்ரிங்கும் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க வந்த பெரிய லைப்ரரிகளில் ஒன்று ஜிலிப். ஜிம்ப் மென்பொருளுக்காக உருவான ஜிடிகேயிலிருந்து பிரிந்து வந்தது. இன்று க்யூஎமு வரை அதைப் பயன்படுத்துகிறார்கள்.

சுகமான லைப்ரரிதான். ஹாஷ் டேபிளை உருவாக்கும்போதே கீயையும் வேல்யூவையும் எந்த ஃபங்ஷன் விடுவிக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். டேபிளை அழிக்கும்போது அதுவே பார்த்துக்கொள்ளும். லிஸ்டில்தான் கவனம் வேண்டும். ஜி_லிஸ்ட்_அப்பெண்ட் ஒவ்வொரு முறையும் தலையிலிருந்து வால் வரை நடந்து போய்த்தான் சேர்க்கும். லூப்புக்குள் அதைப் போட்டால், லிஸ்ட் நீள நீள புரோகிராம் தவழும். முன்னால் சேர்த்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே தடவை திருப்பிப் போடுவதுதான் முறை. பிறர் கோடைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது லூப்புக்குள் இருக்கும் அந்த அப்பெண்ட் வரியை.

என் உண்மையான தயக்கம் வேறு. லைப்ரரியை எடுத்தால் அதன் வீட்டு வழக்கமும் கூடவே வந்துவிடும். மெமரி கிடைக்காவிட்டால் ஜி_மாலக் நல் பாயிண்டர் தராது; புரோகிராமையே நிறுத்திவிடும். டெஸ்க்டாப்பில் இது நியாயமே. நல் வந்தால் ஓட வேண்டிய கோடை யார் சோதித்துப் பார்க்கிறார்கள்? ஆனால் குறைந்த ரேமில் மாதக்கணக்கில் ஓடும் சர்வரில், ஒரு கோரிக்கையை மறுத்துவிட்டு மற்ற இணைப்புகளைக் காப்பாற்ற வேண்டும். ஜி_ட்ரை_மாலக் நல் தரும், சரி. ஜிலிப்பின் ஸ்ட்ரிங்கும் ஹாஷ் டேபிளும் உள்ளுக்குள் அதை அழைப்பதில்லையே!

ரெடிஸ் எழுதிய சால்வதோரே சான்ஃபிலிப்போவின் எஸ்டிஎஸ் என்ற ஸ்ட்ரிங் லைப்ரரி இந்த விஷயத்தில் சொன்னபடி கேட்கும். மெமரி இல்லையென்றால் நல் தரும். ஸ்ட்ரிங்கின் நீளத்தைப் பாயிண்டருக்கு முன்னாலேயே வைத்திருப்பதால், அப்படியே பிரிண்ட்எஃப்பிடம் கொடுக்கலாம். ஆனால் ஸ்ட்ரிங்கின் வாலில் ஒட்டும் எஸ்டிஎஸ்கேட் திருப்பித் தருவதை மறக்காமல் வாங்கி வைக்க வேண்டும். ஸ்ட்ரிங் இடம் மாறியிருந்தால் பழைய பாயிண்டர் செத்தது.

ஹாஷ் டேபிளுக்கு யூடிஹாஷ். ஒரே ஹெடர் கோப்பு, முழுக்க மேக்ரோ. டீபக்கரில் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. இதுவும் மெமரி இல்லையென்றால் எக்ஸிட் ஆகிற ரகம்தான். ஆனால் ஹாஷ்_நான்ஃபேட்டல்_ஓஓஎம் என்று டிஃபைன் செய்துவிட்டால், சேர்க்க முடியாமல் போன எலிமெண்டோடு நம் மேக்ரோவை அழைக்கும். நான் அதில் ஒரு ஃப்ளாக்கை மட்டும் வைத்து, அடுத்த வரியில் அதைப் பார்த்து அந்த ஓர் இணைப்பை மூடிவிடுகிறேன்.