முத்து நகரில் மூன்று நாள்கள்

தென்பாண்டிக் கடற்கரையில் தூத்துக்குடியைப் போல் பல பெயர்களால் சிறப்பிக்கப்படும் ஊர் பிறிதொன்று இல்லை எனலாம். முத்து நகர் என்பார் சிலர். உப்பு விளையும் ஊர் என்பார் சிலர். 1906 இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட ஊர் என்று பெருமிதம் கொள்வார் பலர். பனிமய அன்னையின் ஊர் என்று கைகுவிப்பார் நம்மவர். இத்தனை பெயர்களுக்கும் மூலம் ஒன்றே, அது கடல். அக்கடல் கொடுத்தவற்றையும், அதனிடமிருந்து மனிதர் எடுத்தவற்றையும் நேரிற் காணும் விருப்பத்தோடு, கோடை விடுமுறையில் குடும்பத்தாருடன் அங்குச் சென்று மூன்று நாள்கள் தங்கினோம்.

முதற்கண் பனிமய மாதா பேராலயத்தைத் தரிசித்தோம். முத்துக் குளித்துறைப் பரதவர் 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் ஞானஸ்நானம் பெற்றனர். 1542 இல் புனித சவேரியார் இக்கரைக்கு வந்து, மணலிலே சிறுவர்களைக் கூட்டி, மந்திரங்களைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் வழியில் இங்கு நெடுங்காலம் உழைத்த அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578 இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துக்களில் அச்சேறியது. அன்னையின் சுரூபம் மணிலாவிலிருந்து கப்பலேறி வந்தது என்பது வழிவழி வந்த செய்தி. இன்று நாம் காணும் ஆலயம் 1713 இல் எழும்பியது. 1982 இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. 1806 இல் முதன்முதலாக ஓடிய தங்கத் தேர் ஆண்டுதோறும் இழுக்கப்படுவதன்று; சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே வீதிக்கு வரும். ஆகஸ்டு 5 ஆம் நாள் பெருவிழாவில் எல்லாச் சமயத்தாரும் திரளாகக் கூடுவதே இவ்வூரின் தனிச்சிறப்பு.

ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும் பிள்ளைகளின் கண்கள் அடுமனைகளை நாடின. தூத்துக்குடி மக்ரூனைச் சுவையாதவர் அவ்வூரை முழுமையாகக் கண்டவர் ஆகார். பெயர் மேலைநாட்டினது, பண்டமோ நம்மூர்க் கைவண்ணம். முட்டையின் வெண்கருவைச் சர்க்கரையுடன் நுரை பொங்க அடித்து, பொடித்த முந்திரிப்பருப்பைச் சேர்த்து, காகிதக் கூம்பினால் சிறு சிறு கோபுரங்களாகப் பிழிந்து, விறகடுப்பின் இளஞ்சூட்டில் உலரவிடுகிறார்கள். வாயிலிட்டதும் முந்திரி மணத்தை மட்டும் நிறுத்திவிட்டு அது மறைந்துவிடுகிறது. இரவில் பரோட்டாக் கடைகளின் கல்லோசையும், நண்பகலில் புளிக்குழம்பில் மிதக்கும் மீனும் தனித்தனியே எழுதத் தக்கவை.

மீன் என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டும். நாம் சென்றபோது விசைப்படகுகள் யாவும் கரையோரம் கட்டப்பட்டிருந்தன. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகக் கடலுக்கு அளிக்கப்படும் ஓய்வு அது. நாட்டுப் படகுகள் மட்டும் சென்று திரும்பின. சந்தையில் மீன் குறைவாகவும் விலை கூடுதலாகவும் இருந்தது. இல்லத்தரசியார் சற்றே முணுமுணுத்தாலும், காரணம் அறிந்தபின் அமைதியுற்றார்.

இரண்டாம் நாள் பொழுது புலருமுன் உப்பளங்களுக்குச் சென்றோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்திகள். அவற்றினூடே வெண்மணிக் குவியல்கள். உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றி மாற்றிக் காயவிட, வெயிலும் காற்றும் நீரை உண்டுவிட, எஞ்சுவதே உப்பு. அதை வாரிக் கரையேற்றுவோரில் பெண்கள் பலர். வெயிலின் கொடுமைக்கு அஞ்சி இருள் பிரியுமுன்பே வேலையைத் தொடங்குகிறார்கள். பல ஆண்டுகள் உப்புநீரில் நின்ற ஒரு தாயார், வெடித்த பாதங்களைக் காட்டி, "மழை பெய்தா ஊருக்குச் சந்தோஷம்; எங்களுக்கு அடுப்பு எரியாது" என்றார். 2023 டிசம்பரில் பெய்த பெருமழை இம்மாவட்டத்தையே வெள்ளக்காடாக்கியபோது உப்பளங்களும் நீரில் மூழ்கின. நம் இல்லங்களில் விலை மலிவான பண்டம் உப்பு; அதன் பின்னுள்ள உழைப்போ மலிவானதன்று.

அன்று மாலை முயல் தீவுக் கடற்கரையில் பிள்ளைகள் ஆசை தீர நீராடினர். அருகே 1974 இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் வ. உ. சி. பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம். அலைதடுப்புச் சுவர்கள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்திற்குக் கடலுக்குள் கை நீட்டுகின்றன. காணும் பொங்கலன்று ஊரார் குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்றுடன் இக்கரையில் கூடுவது வழக்கமாம்.

மூன்றாம் நாள் கடற்கரையில் முதிய சங்குக் குளியாளி ஒருவரோடு உரையாடும் வாய்ப்புக் கிட்டியது. அவருடைய தந்தையார் முத்துக் குளித்தவர். 1961 இல் நடந்ததே கடைசி முத்துக் குளிப்பு. அதன்பின் பார்களில் சிப்பி போதிய அளவு பெருகவில்லை. 1973 இல் இவ்வூரிலேயே அறிவியலார் சிப்பியை வளர்த்து முத்து விளைவித்துக் காட்டினர் எனினும், கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கிய அந்தக் காலம் திரும்பவில்லை. "முத்து போச்சு. பவளப் பாறையையாவது விட்டு வச்சிருக்கலாம், ஐயா" என்று பெருமூச்செறிந்தார் அவர்.

அவர் சொன்னதன் பொருளைப் பிறகு அறிந்தோம். வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் பல்லாண்டுகள் இக்கடலின் பவளப் பாறைகள் படகு படகாக வெட்டியெடுக்கப்பட்டன. 1986 இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னும் அது ஓயவில்லை. 2001 இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்தன. 2004 ஆழிப்பேரலை, பாறை என்பது கரைக்கு அரண் என்பதை மக்களுக்கு உணர்த்தியது. அதற்குள் விலை கொடுத்தாகிவிட்டது. 21 தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. 1986 இல் ஏறத்தாழ 16 எக்டேர் பரந்திருந்த வான் தீவு 2014 இல் 2 எக்டேராகச் சுருங்கியது.

ஆயினும் மனம் தளரவேண்டியதில்லை. 2015 முதல் அத்தீவைச் சுற்றி ஆயிரக்கணக்கான செயற்கைப் பாறைகளைக் கடலடியில் இறக்கியிருக்கின்றனர். அலையின் வேகம் தணிந்து, கரைந்த மணல் மீண்டும் சேர்கிறது, அச்செயற்கைப் பாறைகள் மீது பவள உயிர்கள் குடியேறுகின்றன, மீன்களும் திரும்புகின்றன. தீவுகளில் இறங்க நமக்கு அனுமதியில்லை. அதுவே நன்று. தொலைவில் நின்று வணங்கத் தக்கவையும் உலகில் உண்டன்றோ?

வாசகர்களே! இவ்வூருக்கு நீங்களும் குடும்பத்தோடு செல்லுங்கள். ஆலயத்தில் செபியுங்கள், மக்ரூன் வாங்குங்கள், விடியலில் உப்பளம் காணுங்கள். பவளத் துண்டுகளை யாரேனும் விற்க முன்வரின் வாங்காதீர்கள். உப்பு வாரும் பெண்களோடு இரண்டு சொல் அன்பாகப் பேசுங்கள். தடைக்காலத்தில் மீன் கிடைக்கவில்லையெனில் குறை சொல்லாது, பருப்புக் குழம்போடு திருப்தியுறுங்கள். கடலைப் படைத்தவர் அதை நம் தலைமுறைக்கு மட்டும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தைக் காட்டிலும் அங்கே எளிதாகக் கற்றுக்கொள்வார்கள்.