தாராவியில் பத்து நாட்கள்

1969-ல் காந்தி மகாத்மாவின் நூற்றாண்டையொட்டி நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது முதல், மாணவர்கள் தொண்டு செய்யப் போவதென்றால் பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்துக்குத்தான். குளம் தூர் எடுப்பார்கள், மரக்கன்று நடுவார்கள், அதைப் படமும் பிடித்துக்கொள்வார்கள். நாமோ சென்னையிலிருந்து பதினைந்து பிள்ளைகளை மும்பைக்கு அழைத்துச் சென்றோம். (பம்பாய் 1995-ல் மும்பையாகிவிட்டது, நமது நாக்குக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை!) தாராவித் தமிழ்க் குழந்தைகளுக்கு மாலை வேளையில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதே உத்தேசம்.

தாராவி ஏறக்குறைய இரண்டு சதுர கிலோமீட்டர் நிலம். ஒரு புறம் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் சூளை புகைகிறது. மறு புறம், தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். விடியுமுன் இட்லிக் கொப்பரைகள் கொதிக்கின்றன. அந்த இட்லி நகரமெங்கும் விலையாகிறது.

"அண்ணே, எங்கன போறிய? இங்கன இருங்க" என்று எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி நமது மாணவன் ஒருவனை வரவேற்றாள். அவன் முகம் சிவந்துவிட்டது. அவனும் அந்தச் சீமைப் பையன்தான்; சென்னைப் பள்ளியில் சேர்ந்த மறுமாதமே அந்தப் பேச்சை ஒளித்துக்கொண்டவன். அவளோ தம்பியை ஹிந்தியில் அதட்டி, காய்கறிக்காரியை மராத்தியில் விளித்து, மீண்டும் நம்மிடம் நெல்லைத் தமிழுக்கு வந்தாள். ஊர் எது என்றால், "திருநெல்வேலி" என்றாள். அவள் அதைக் கண்ணால் கண்டதில்லை.

மும்பை மாநகராட்சி தமிழ்ப் பள்ளிகளையும் நடத்தியிருக்கிறது. ஆனால் இவள் படிப்பது ஆங்கிலப் பள்ளியில். ஏன் என்று பிள்ளைகள் தாயாரைக் கேட்டார்கள்.

"வீட்டுல தமிழ்தான் பேசுதோம், தம்பி. எழுதப் படிச்சா இங்க என்ன வேலை கிடைக்கும்?"

பதினைந்து பேரில் பதினொருவர் ஆங்கில வழியில் படிப்பவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நமக்கும் அவளைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. தமிழைக் கற்பித்துச் சம்பளம் வாங்குகிறவர் அவளுக்கு உபதேசம் செய்வது அழகல்லவே!

ஒன்பதாம் நாள் அந்த அம்மாளே ஓர் அச்சுத் தாளுடன் வந்தாள். சொந்த ஊர்க் கோயில் கொடை விழா நோட்டீஸ். "இவ இதைப் படிக்காளான்னு பாருங்க" என்றாள்.

சிறுமி எழுத்துக் கூட்டினாள். வரி கொடுத்தவர்கள் வரிசையில் தகப்பனார் பெயர் வந்தது. பக்கத்தில் "மும்பை" என்றிருந்தது.

"எங்க ஊரைத் தப்பாப் போட்டிருக்காவ" என்றாள்.

"அங்கன நீங்க மும்பைக்காரவதாம், பிள்ள" என்றான் அந்தப் பையன். ஒன்பது நாளில் அவன் பேசிய முதல் நெல்லைப் பேச்சு அது. அவள் அதற்கு மராத்தியில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, அடுத்த வரியைக் கூட்டத் தொடங்கினாள்.