பயணிகளை விளைவித்த ரயில்

ஒசாகா நகரின் உமேடா ஸ்டேஷன். பெரிய கூரைக்கடியில் ஒன்பது தண்டவாளங்கள் வரிசையாக வந்து முட்டி நிற்கின்றன. பகல் வேளைகளில் பல முறை, மணி அடித்தாற்போல மூன்று ரயில்கள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. ஒன்று கோபேக்கு, ஒன்று தகராசுகாவுக்கு, இன்னொன்று கியோட்டோவுக்கு. யோதோ ஆற்றைப் பக்கத்தில் பக்கத்தில் கடக்கும் அவை, ஜூசோ ஸ்டேஷனைத் தாண்டியதும் தத்தம் வழியில் பிரிகின்றன.

மூன்றுக்கும் ஒரே நிறம், பளபளக்கும் மெரூன். 1910இல் முதல் வண்டி ஓடியபோதும் ஏறக்குறைய இதே நிறம்தான். உள்ளே மரப் பலகை போன்ற சுவர்கள், அங்கோரா ஆட்டு ரோமத்தில் நெய்த பச்சை இருக்கைகள். சுமார் 140 கி.மீ. நீளமுள்ள இந்த ஹான்க்யூ ரயில்வே அரசுக்குச் சொந்தமானதல்ல, தனியார் கம்பெனி. அது ஆரம்பித்த கதைதான் விசித்திரம்: ரயில் இருந்தது, பயணிகள் இல்லை.

1907இல் கம்பெனி உருவானபோது பங்குச் சந்தை சரிந்து கிடந்தது. பங்குகளை வாங்க ஆளில்லை. பாதையோ வயல்களுக்கும் குன்றுகளுக்கும் நடுவே போவது. பொறுப்பேற்றவர் இச்சிஸோ கோபயாஷி, மிட்சுயி வங்கி வேலையை விட்டு வந்தவர். ரயில் போகவிருந்த வழியில் நடந்து பார்த்த அவருக்குக் காலி நிலம்தான் கண்ணில் பட்டது. பயணிகள் இல்லாவிட்டால் என்ன, அவர்களை இங்கேயே குடிவைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

பாதையோரம் மலிவாக நிலம் வாங்கினார். 1910இல் இகேடாவில் வீடுகள் கட்டிப் பத்து வருடத் தவணையில் விற்றார். ஆலைப் புகையில் மூச்சுத் திணறிய ஒசாகாவின் மாதச் சம்பளக்காரர்களுக்குத் தோட்டத்துடன் சொந்த வீடு கிடைத்தது. கம்பெனிக்கு ஆயுள் முழுக்க டிக்கெட் வாங்கும் குடும்பங்கள் கிடைத்தன.

காலையில் நகரத்துக்குப் போகும் வண்டி நிரம்பியது. எதிர்த்திசையில் காலியாகப் போகும் வண்டியை என்ன செய்வது? பாதையின் மறுமுனையான தகராசுகாவில் வெந்நீர்க் குளியல் விடுதி திறந்தார். அங்கே கட்டிய நீச்சல் குளத்தின் தண்ணீர் ஜில்லிட்டதால் யாரும் இறங்கவில்லை. குளத்தை மூடி அரங்கமாக்கி, 1914இல் இளம் பெண்களை மேடையேற்றினார். ஆண் வேடத்தையும் பெண்களே ஏற்கும் தகராசுகா இசை நாடகக் குழு இன்று ஜப்பான் முழுக்கப் பிரபலம். 1929இல் ஒரு கல்லூரியும் பாதையோரத்துக்கு இடம் மாறி வந்தது.

அதே வருடம் உமேடா ஸ்டேஷனிலேயே டிபார்ட்மென்ட் ஸ்டோர் திறந்தார். ரயில் கம்பெனியே நடத்திய முதல் ஸ்டோர் அதுதான். அதன் உணவகத்தில் கறி சாதம் பிரசித்தம், இந்தியாவிலிருந்து பிரிட்டிஷார் வழியாக ஜப்பானுக்குப் போன அதே கறி. பொருளாதார மந்தத்தில் கையில் காசில்லாதவர்கள் வெறும் சாதம் மட்டும் கேட்டு, மேஜையில் இருந்த இலவச சாஸை ஊற்றிச் சாப்பிட்டார்கள். மற்ற கடைகள் முகம் சுளித்தபோது கோபயாஷி அவர்களை வரவேற்றார். இன்று ஏழைகள், நாளை மனைவி மக்களுடன் வருவார்கள் என்பது அவர் கணக்கு. கருணையா, வியாபாரமா? இரண்டையும் பிரித்துப் பார்க்க அவர் மெனக்கெடவில்லை.

1957இல் அவர் காலமானார். அவர் வளர்த்த ஊர்களுக்குச் சோதனை 1995 ஜனவரி 17 விடியற்காலையில் வந்தது. பூகம்பத்தில் இடாமி ஸ்டேஷன் நொறுங்கி விழுந்தது. நிஷினோமியா அருகே மேம்பாலப் பாதை சரிந்தது. கோபேயின் சன்னோமியாவில் ரயில்கள் வளைவுக்குள்ளிருந்து வெளிப்படும் 1936ஆம் வருடக் கட்டடம் இடிக்கப்பட்டது. ரயிலை நம்பி வீடு வாங்கியவர்கள் மாதக்கணக்கில் பஸ் மாறிப் போனார்கள். ஜூன் 12 அன்று கோபே பாதை முழுதாகத் திறந்தது. பழைய வளைவை நினைவூட்டும் புதுக் கட்டடம் எழ 2021 ஆயிற்று.

வீடு, பாட்டு, சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்த ரயிலுக்கு ஒன்று மட்டும் கைகூடவில்லை. 1999இல் முதியோர், கர்ப்பிணிகளுக்கான தனி இருக்கைகளைக் கம்பெனி நீக்கியது. எல்லா இருக்கைகளுமே விட்டுக்கொடுக்க வேண்டியவைதான், பயணிகளுக்குச் சொல்லித் தரவேண்டுமா என்பது எண்ணம். எல்லோருக்கும் பொதுவான கடமை யாருக்கும் கடமையாக இல்லாமல் போயிற்று. முதியவர்கள் நின்றார்கள், புகார்கள் வந்தன. 2007இல் தனி இருக்கைகள் திரும்பி வந்தன.

ஜப்பானில் குழந்தைகள் குறைகிறார்கள், முதியோர் பெருகுகிறார்கள். ஒரு காலத்தில் தவணையில் வீடு வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளே இப்போது அந்தப் பச்சை இருக்கையைத் தேடி ஏறுகிறார்கள், கையில் ஊன்றுகோலுடன்.