ஒரே ஆறு, இரண்டு துறை

டிசம்பர், கயா

காலை 6.30
பனி இன்னும் விலகவில்லை. பல்கு ஆறு மணலுக்கடியில்தான் ஓடும். சீதை கொடுத்த சாபம் என்பார்கள். 2022இல் ரப்பர் அணை வந்தபின் விஷ்ணுபாதப் படித்துறையில் தண்ணீர் நிற்கிறது. “சாப விமோசனத்தை நீர்வளத்துறையே கொடுத்துவிட்டது” என்றான் அண்ணன். அம்மா முறைத்தாள்.

காலை 9.00
இப்போதுள்ள விஷ்ணுபாதக் கோயில், இந்தூர் அரசி அகல்யாபாய் ஹோல்கர் 1787இல் கட்டியது. எண்கோண வெள்ளித் தொட்டிக்குள், பாறையில் பதிந்த பாதம். அதன்மேல் பிண்டங்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. அப்பாவுக்கு, தாத்தாவுக்கு என்று வரிசையாக வைத்த பிறகு வாத்தியார் தர்மபிண்டம் வைக்கச் சொன்னார். நண்பர், வேலைக்காரர், வளர்த்த மாடு, பிண்டமிட ஆளில்லாமல் போனவர் என எல்லாருக்கும். சொந்தக் கணக்கைத் தீர்க்க வந்தவனிடம் கயா ஊரார் கணக்கையும் நீட்டுகிறது. இன்று எனக்கு மிகவும் பிடித்த சடங்கு இதுதான்.

காலை 11.30
அட்சயவட ஆலமரத்தடி. இனி உண்பதில்லை என்று ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட வேண்டும். அண்ணன் பாகற்காய் என்று வாயெடுத்தான். “பிடிச்சதை விடணும்டா” என்றாள் அம்மா. மாம்பழத்தை விட்டாள்.

பிற்பகல் 1.30
புத்தகயா போகும் வழியில் பிரம்மயோனி மலையைக் காட்டினார் டிரைவர். இந்துக்களுக்கு அது கயாவின் தீர்த்தங்களில் ஒன்று. பௌத்தர்களுக்கு அதுவே கயாசீசம்: தீ வளர்த்து வழிபட்டுவந்த ஜடாமுடித் துறவிகளிடம், எரிவது புலன்களும் மனமுமே என்று புத்தர் உபதேசித்த இடம்.

பிற்பகல் 3.00
மகாபோதி கோயில். கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். பலகை விரித்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழும் திபெத்தியர்கள், வெள்ளை உடுத்த இலங்கைக் கூட்டம், தாய்லாந்துப் பாட்டிகள். இப்போதுள்ள அரசமரம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நட்டது. பழைய மரம் 1876இல் புயலில் சாய்ந்தது. இலை உதிர்ந்தால் பத்துக் கைகள் பாய்கின்றன. பற்றை விடச் சொன்னவரின் மரத்தடியில் இப்படி ஒரு பற்று!

வாத்தியாரின் பட்டியலில் இந்தப் போதிமரமும் பிண்டத் தலங்களுள் ஒன்று. புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பது அம்மாவின் கணக்கு. பக்கத்தில் ஓடும் நிரஞ்சனை, கீழே மோகனாவோடு கலந்து பல்குவாகிக் கயாவுக்குப் போகிறது. காலையில் நாங்கள் நீராடியதும் இந்தத் தண்ணீரில்தான்.

இரவு 8.00
ஆறு ஒன்று என்பதால் வழக்கு இல்லாமல் போய்விடவில்லை. சைவ மடத்து மகந்துகளின் பிடியில் இருந்த மகாபோதி கோயிலைப் பௌத்தர்களுக்கு மீட்க, இலங்கையிலிருந்து வந்த அநகாரிக தர்மபாலர் 1891இல் தொடங்கிய போராட்டம் அது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாகக் குழுவில் இந்துக்கள் 4, பௌத்தர்கள் 4 என்று பங்கிட்டது. தலைவர் மாவட்ட ஆட்சியர். 2025இல்கூட பிக்குகள் இதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார்கள்.

“சரிபாதிதானே, அப்புறம் என்ன?” என்றான் அண்ணன். எனக்கு அது சரிபாதியாகப் படவில்லை. போதிமரம் எங்களுக்குப் பட்டியலில் ஒரு தலம். நேரமில்லையென்றால் அதை விட்டுவிட்டும் ரயிலேறலாம், சிராத்தம் குறைப்படாது. பௌத்தர்களுக்கோ, புத்தருக்கு ஞானம் பிறந்த இடம் இது ஒன்றுதான். பலவற்றில் ஒன்றாக வைத்திருப்பவனும் ஒன்றே ஒன்றை வைத்திருப்பவனும் சமமாகப் பங்கு போட்டால், விட்டுக்கொடுத்தவன் இரண்டாமவன்தான்.